கதவு திறந்திருக்கிறது

வாயைத் திறந்தால் வாதம்தான் என்பதால் ஆபீஸில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். சட்டப் புத்தகத்தின் அட்டையைக்கூட அவள் பார்த்ததில்லை. லிஃப்டுகளுக்கு கன்ட்ரோலர் பெட்டி செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். எந்த மாடிக்குப் போவது, எப்போது நிற்பது, எப்போது கதவைச் சாத்துவது என்று லிஃப்டுக்குச் சொல்கிற இரும்புப் பெட்டி அது.

கம்பெனி இருப்பது நான்காவது மாடியில். கட்டடத்து லிஃப்ட் ஓடுவதும் கம்பெனியின் சொந்தப் பெட்டியில்தான். அதனாலேயோ என்னவோ, கம்பெனி ஆட்கள் எல்லோரும் மூச்சு வாங்கப் படியேறித்தான் வருவார்கள். கேட்டால் உடம்புக்கு நல்லது என்பார்கள். முதலாளிக்கு மூட்டுவலி, அவரும் படியில்தான். வக்கீலம்மா மட்டும் தினமும் லிஃப்டில் தனியாக, மகாராணி மாதிரி ஏறி வருவாள்.

"நாம செஞ்சதுல நாமளே ஏறலன்னா எவன் ஏறுவான்?" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டே இறங்குவாள். இப்படி ஒருத்தியை எந்த ஆபீஸுக்குத்தான் பிடிக்கும்?

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் "பொண்ணு எப்படிப் படிக்குது?" என்று கேட்டால், அவள் அம்மா "ஏதோ சுமாரா படிக்கிறா" என்று சொல்லிக் காபி ஆற்றப் போய்விடுவாள். இவள் உள்ளேயிருந்து ஓடி வந்து, "கணக்குல அறுபத்திரெண்டு, வரலாறுல முப்பத்தெட்டு" என்று போட்டு உடைப்பாள். விருந்தாளி போனதும் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "சுமாருன்னு சொன்னா யாருக்கு என்னம்மா தெரியும்? முப்பத்தெட்டுன்னா தெரியும்ல?" என்று அதற்கும் ஒரு வாதம் வைத்திருந்தாள். அழகான சொல்லை வைத்து எண்ணை மூடி மறைப்பது அன்றைக்கும் அவளுக்கு ஆகாது, இன்றைக்கும் ஆகாது.

கம்பெனியில் சேர்ந்த புதிதில் அவளுக்குக் கொடுத்த பெட்டி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று செத்துப்போகும். ஏன் செத்தது என்று ஒரு வார்த்தை சொல்லாது. மறுபடி கரண்ட் கொடுத்தால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி எழுந்து ஓடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், "சாகும்போது வாயத் திறந்து பேசிட்டுச் சாவு" என்று அதற்கென்றே ஒரு புரோகிராம் எழுதினாள்.

அது என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன், அதற்குமேல் கஷ்டமாக ஒன்றும் வராது. பெட்டியின் ஞாபகத்தில் இருப்பதெல்லாம் எண்கள். ஒவ்வொன்றும் சைபரிலிருந்து இருநூற்றைம்பத்தைந்துக்குள் ஏதோ ஒன்று. அதற்குப் பைட் என்று பெயர். சில பைட்டுகள் எழுத்தாக வாசிக்க வரும், பல வராது. அவள் புரோகிராம் ஒவ்வொரு பைட்டையும் இரண்டாகப் பிளந்து, பாதிக்கு ஒரு குறியாக இரண்டு குறிகளில் எழுதும். பதினாறு பைட் சேர்ந்தால் ஒரு வரி. வலது ஓரத்தில் அதே பைட்டுகள் எழுத்தாக வரும். எழுத்தாக வராததற்கு அந்த இடத்தில் ஒரு புள்ளி. ஓர் ஒயரைச் செருகி லேப்டாப்பில் பார்த்தால், பெட்டியின் வயிற்றில் இருந்ததெல்லாம் வரிவரியாக வந்து விழும்.

கேட்க எளிது, எழுதத்தான் உயிர் போகும். பெட்டி செத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் ஓட வேண்டியது அது. ரெடிமேடாக இருக்கிற எதையும் உதவிக்குக் கூப்பிட முடியாது, கூப்பிட்டால் அதுவும் செத்துக் கிடக்கும். புதிதாக இடம் கேட்க முடியாது, கொடுக்க ஆள் இருக்காது. கையகல இடத்தில், வெறுங்கையால், எல்லாவற்றையும் தானே செய்துகொள்ள வேண்டும். முதல் தடவை எழுதியபோது சைபரைக் கண்டதும் பேச்சு முடிந்தது என்று பாதியில் நின்றுவிட்டது. "சைபரும் பைட்தான், மேல போ" என்று அதை அதட்டித் திருத்தினாள். அப்போதே ஒரு தீர்மானமும் செய்துகொண்டாள். தன் புரோகிராம் இருக்கிற பைட்டை விழுங்கக் கூடாது, இல்லாத வார்த்தையைச் சொல்லவும் கூடாது.

அந்த வரிகள்தான் அவளுக்குப் புருஷனையும் கொண்டுவந்து சேர்த்தன. அதே கம்பெனியின் மெக்கானிக் அவன். லிஃப்ட் ஓடும் கட்டடங்களில் குழிக்குள் இறங்கி, மோட்டார் அறைக்கு ஏறி, கிரீஸும் தூசியுமாக இருக்கிறவன். ஒருநாள் நேராக அவள் மேசைக்கு வந்து, "மேடம், இந்தக் கிறுக்கல எவன் படிப்பான்?" என்று சண்டை பிடித்தான். "படிக்கத் தெரிஞ்சவன் படிப்பான்" என்றாள். "அப்ப சொல்லிக் குடுங்க" என்று அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குப் பார்த்து நல்ல வேளையாக மேனேஜர் லீவு. மேடம் என்பது போய் நீ என்று ஆனது, பிறகு கல்யாணமும் ஆனது.

அவனிடம் ஒரு பழக்கம். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பான். கிளம்பி இரண்டடி போய்விட்டு, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பான். சினிமாவுக்குக் கிளம்பினால் அவள் தெருமுனையில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். "பூட்டு கையோட வந்துடப் போகுது, வாடா" என்பாள். கூடவே இருக்கும் மாமியார், "சின்னப் புள்ளையிலயே அப்படித்தாம்மா. டிபன் பாக்ஸ மூடினாக்கூட கவுத்துப் பாப்பான்" என்று சிரிப்பாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேனேஜருக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. ஒரு வாடிக்கைக்காரர், தன் வீட்டு லிஃப்டை ரிப்பேர் பார்க்கும்போது மெக்கானிக்கின் லேப்டாப்பில் வரிவரியாக எண்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, வைரஸா?" என்று கேட்டாராம். அது போதாதா? புதிய பெட்டிகளில் அவள் புரோகிராமை எடுத்துவிடச் சொன்னார் மேனேஜர்.

"யாருக்கும் புரியாதத எதுக்கும்மா வெச்சுக்கிட்டு? இடத்த வேற அடைக்குது. அதான் டிஸ்ப்ளேயில நல்லா தெளிவா வார்த்தையிலயே சொல்லுதே. எடை அதிகம், கதவு திறந்திருக்கிறது, அப்படின்னு. அது போதும்."

"வார்த்தை நாம எழுதி வெச்சது சார். பைட்தான் நிஜம்."

"வாக்கியம் படிக்கத் தெரிஞ்ச உலகத்துலதான் நாம இருக்கோம் வக்கீலம்மா."

சண்டை போட்டாள். முதலாளி வரை போனாள். அவர் மேனேஜர் பக்கம் தலையாட்டினார். தோற்று வந்து உட்கார்ந்தாள். புதிய பெட்டிகள் அழகான வாக்கியங்களோடு கிளம்பிப் போயின.

அப்படிப் போனதில் ஒன்று எலும்பு வைத்தியம் பார்க்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கு. அந்த லிஃப்ட் அடிக்கடி நடுவழியில் நின்றது. நின்ற ஒவ்வொரு தடவையும் டிஸ்ப்ளேயில் ஒரே வாக்கியம்: கதவு திறந்திருக்கிறது. அந்தக் கட்டடம் அவள் புருஷனின் பொறுப்பு. அவன் போனான், கதவுப் பூட்டைக் கழற்றினான், துடைத்தான், மாட்டினான், வந்தான். மறுபடி நின்றது. மறுபடி போனான். கடைசியில் ஒருநாள் காலை இரண்டு மாடிக்கு நடுவே உதறிக்கொண்டு நின்றதில், உள்ளே இருந்த வயதான டெய்லர் ஒருவர் விழுந்துவிட்டார். கால் கட்டைப் பிரிக்க வந்த மனிதர், கையில் புதுக் கட்டோடு வீட்டுக்குப் போனார்.

கேஸ் லிஃப்ட் ஆய்வாளரிடம் போனது. கம்பெனி உடனே மெக்கானிக்கைக் கை காட்டியது. கதவுப் பூட்டை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று சஸ்பெண்ட். வெள்ளிக்கிழமை விசாரணை. தப்பு அவன்மேல் என்று முடிவானால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் இல்லாத மெக்கானிக்கை எந்த ஊரிலும் லிஃப்ட் பக்கம் நிற்க விடமாட்டார்கள். பதினெட்டு வயதிலிருந்து அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் அது.

அன்று மாலை சோபாவில் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த வாய்க்கு அது வருமா?

"நிஜமா சொல்லு. கதவ சரியா பாத்தியா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன கேட்ட?"

"இல்ல, மெஷின் ஒவ்வொரு வாட்டியும் கதவுன்னே சொல்லுதே. மெஷினுக்கு உன்மேல என்ன விரோதம்?"

"மெஷின் சொன்னா நம்புவ. கட்டின புருஷன் சொன்னா நம்ப மாட்ட. அப்படித்தான?"

"நான் அப்படிச் சொல்லல..."

"அப்படித்தான் சொன்ன." எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். போகும்போதும் கதவைச் சாத்திவிட்டு வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தான். கொண்டி கடகடவென்று ஆடிய சத்தம் அவளுக்குக் கேட்டது. சமையலறை வாசலில் மாமியார் நின்றிருந்தாள். கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். அது நாலு அறை வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

அந்தக் கொண்டிச் சத்தம் அவளை விடவில்லை. கோபத்தில் வீட்டைவிட்டுப் போகும்போதுகூடப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவன், ஆஸ்பத்திரிக் கதவையா அரைகுறையாக விட்டு வந்திருப்பான்? ஒன்று அவன் பொய் சொல்ல வேண்டும், இல்லை மெஷின் பொய் சொல்ல வேண்டும். மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்படியானால் நடுவில் மூன்றாவதாக எவனோ பேசுகிறான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலை ஆபீஸுக்கு முதல் ஆளாகப் போனாள். ஆஸ்பத்திரிப் பெட்டியிலிருந்த போர்டைக் கழற்றிக் கொண்டுவந்து டெஸ்டிங் மேசையில் போட்டிருந்தார்கள். கடைசியாக வந்த கோளாறுகள் அதன் ஞாபகத்தில் அப்படியே இருக்கும், கரண்ட் போனாலும் அழியாது. எடுத்துச் சொல்லத்தான் வாய் இல்லை. அவள் தன் பழைய புரோகிராமை அதன் காலி மூலையில் ஏற்றி, ஒயரைச் செருகினாள்.

வரிகள் வந்தன. கதவு திறந்திருந்தால் 01 என்ற பைட் இருக்க வேண்டும். மேலிருந்து கீழே தேடினாள். இல்லை. கீழிருந்து மேலே தேடினாள். ஓர் இடத்தில்கூட 01 இல்லை. கோளாறு நடந்த இடத்திலெல்லாம் வேறொன்று உட்கார்ந்திருந்தது: 83. வலது ஓரத்தில் அதற்கு நேராக ஒரு புள்ளி.

83 என்றால் என்ன? கம்பெனியின் வாக்கிய அட்டவணையில் அப்படி ஒரு எண்ணே இல்லை, அது நாற்பதோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் எப்படி அதற்குக் கதவு என்று வாக்கியம் வந்தது? பைட்டை வாக்கியமாக மாற்றும் புரோகிராமைத் திறந்து படித்தாள். பத்து வருடத்துக்கு முன்னால் மேனேஜர் இளைஞனாக இருந்தபோது எழுதியது. அட்டவணையில் இல்லாத எண் ஏதாவது வந்தால் என்ன செய்வது என்ற இடத்தில், அவர் ரொம்ப யோசிக்கவில்லை. முதல் வரியைக் காட்டு என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். முதல் வரி, கதவு திறந்திருக்கிறது. பக்கத்திலேயே ஒரு குறிப்பு: பெரும்பாலும் கதவுதானே.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு உடம்பெல்லாம் எரிந்தது. பத்து வருடமாக இந்தப் பெட்டிக்குப் புரியாதது எது வந்தாலும், மோட்டார் சூடானாலும், எலி ஒயரைக் கடித்தாலும், கதவு கதவு என்று கத்தியிருக்கிறது. பத்து வருடமாக மெக்கானிக்குகள் நல்ல கதவுகளைக் கழற்றி மாட்டிக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். போன வருடம் ஒரு வயதான மெக்கானிக், "எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு போல, கதவப் பூட்டக்கூடத் தெரியல" என்று சொல்லி வேலையை விட்டுப் போனார். அவர் கண்கலங்கி விடைபெற்றதை இவளும் நின்று பார்த்திருக்கிறாள். அதை நினைத்தபோது ஆத்திரம் தாங்கவில்லை.

பெட்டிக்குள் வெளியிலிருந்து வாங்கி மாட்டுவது மின்சப்ளை போர்டு ஒன்றுதான். அதைச் செய்து கொடுக்கிற கம்பெனிக்கு போன் போட்டு 83 என்றால் என்ன என்று கேட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண் யோசிக்கவே இல்லை. "பிரேக்குக்குப் போற கரண்ட் தொய்யுதுன்னு அர்த்தம் மேடம், ஓடும்போதே பிரேக் கவ்விடும். போன வருஷம் நீங்க வாங்கினீங்களே மலிவான மாடல், அதுல வர்ற புது நம்பர். உங்களுக்கு அனுப்பியிருந்தோமே?"

மேனேஜரிடம் போனாள். அவர் முகம் ஒரு நிமிடம் வெளுத்துப் போனது, மனிதர் முழு மோசமில்லை. ஆனால் அடுத்த நிமிடமே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உக்காரும்மா. இத நான் சரி பண்ணிடறேன். சத்தமில்லாம அடுத்த வெர்ஷன்ல மாத்திடலாம். இப்ப விசாரணையில போய் இதச் சொன்னா, ஓடிட்டிருக்கிற எல்லாப் பெட்டியும் சந்தேகத்துக்கு வந்துடும். உன் வீட்டுக்காரருக்கு ஒரு எச்சரிக்கையோட முடிக்கச் சொல்றேன். தப்ப ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்து போட்டா போதும், லைசென்ஸுக்கு ஆபத்து வராம நான் பாத்துக்கறேன்."

"செய்யாத தப்ப எப்படி சார் ஒத்துக்கறது?"

"பிடிவாதம் பிடிக்காத. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பிரேக் கரண்ட் தொய்யுது சார். இந்த மலிவு மாடல் இருக்கிற லிஃப்ட்ல நாளைக்கு யாராவது செத்தா, யார்கிட்ட கையெழுத்து வாங்குவீங்க?"

மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "வெள்ளிக்கிழமை நீ அந்த ரூமுக்கு வராத. பொண்டாட்டி வந்து பேசினா குடும்ப விஷயம் ஆயிடும்" என்றார். அவளை அவருக்கு இத்தனை வருடம் தெரியும், அப்படியும் அதைச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் முதலாளி, மேனேஜர், மூக்குக் கண்ணாடி போட்ட ஆய்வாளர், எதிரே நின்றுகொண்டு அவள் புருஷன். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நல்ல சட்டை போட்டு, தலையை வாரி வந்திருந்தான். அவன் நின்ற நிற்பைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். கையில் சாப்பாட்டுப் பை. மேசைமேல் வைத்து, அதிலிருந்து டிஸ்ப்ளேயோடு ஒரு போர்டையும் லேப்டாப்பையும் எடுத்தாள்.

"என்னம்மா இது? யார் உன்னக் கூப்பிட்டது?" என்றார் முதலாளி. "இது குடும்ப விஷயம் இல்ல."

"குடும்ப விஷயம்தான் சார். எங்க குடும்பத்துல ஒருத்தர பொய்யன்னு சொல்லிட்டீங்க. அஞ்சு நிமிஷம் குடுங்க, போயிடறேன்."

ஆய்வாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "விடுங்க, பேசட்டும்."

"சார், கோளாறுன்னா இந்தப் பெட்டிக்கு ஒரு நம்பர் வரும். அதப் பாத்து இது வாக்கியம் சொல்லும். நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க. எது வேணும்னாலும்."

"எழுபத்தேழு."

அவள் தட்டினாள். டிஸ்ப்ளேயில் வந்தது: கதவு திறந்திருக்கிறது.

"முதலாளி, உங்க வயசு?"

"அறுபத்தொண்ணு. எதுக்கு?"

தட்டினாள். கதவு திறந்திருக்கிறது.

ஆய்வாளருக்கு உதட்டோரம் துடித்தது. "நூத்தியெட்டு போடுங்க" என்றார். கதவு திறந்திருக்கிறது. "இருநூறு." கதவு திறந்திருக்கிறது.

மேனேஜர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "பன்னெண்டு போடு. பன்னெண்டு போட்டுப் பாரு."

தட்டினாள். எடை அதிகம் என்று வந்தது.

"பாத்தீங்களா சார்? சரியாத்தான வேலை செய்யுது!" என்று அவர் ஆய்வாளர் பக்கம் திரும்பினார்.

"பன்னெண்டு அட்டவணையில இருக்கு சார்" என்றாள் வக்கீலம்மா. "நாப்பது வரைக்கும் இருக்கு, அதுக்கு மேல இல்ல. அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் பன்னெண்டு சொன்னீங்க."

மேனேஜர் கர்சீஃபை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"இதுல கதவு எங்க இருக்கு சார்?" அவள் போர்டைத் தூக்கிக் காட்டினாள். "கதவும் இல்ல, லிஃப்டும் இல்ல. சாப்பாட்டுப் பையில வந்த போர்டு இது. இது சொல்லுது கதவு தொறந்திருக்குன்னு. இந்த வாக்கியத்த நம்பித்தான் இவர சஸ்பெண்ட் பண்ணீங்க. ஆஸ்பத்திரி போர்டுல நிஜமா இருந்தது எம்பத்தி மூணு. பிரேக்குக்குக் கரண்ட் தொய்யுது. இந்தாங்க, வரி வரியா இருக்கு. எது புள்ளி, எது எழுத்துன்னு நான் சொல்றேன். மேனேஜர் சார் சொல்றதையும் கேட்டுக்கோங்க."

ஆய்வாளர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முதலாளியிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "கதவு, கதவுன்னு இதுவரைக்கும் எத்தனை பேர தண்டிச்சிருக்கீங்க?"

அவள் புருஷன் அதுவரை அவளைப் பார்க்கவே இல்லை, அப்போதுதான் பார்த்தான். "ஒரு நாற்காலி எடுத்துக்கறேன் சார்" என்று யாரிடமும் அனுமதிக்குக் காத்திராமல் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அதற்கப்புறம் ஆகவேண்டியது ஆயிற்று. சஸ்பெண்ட் ரத்தானது. மலிவான போர்டுகளை எல்லாக் கட்டடங்களிலிருந்தும் மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. கை நடுங்குவதாகச் சொல்லிப் போன பெரியவரின் வீட்டுக்கு அவளே போய், அவர் பூட்டிய கதவுகளில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதலாளி சும்மா விடுவாரா? ஜன்னலோரம் இருந்த அவள் மேசை, மோட்டார் சத்தம் கேட்கிற ஸ்டோர் ரூமுக்குப் போனது. "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். "வார்த்தையில சொன்னா இங்க யாருக்கும் கேக்கறதில்ல சார்" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

அங்கேயும் சண்டை ஓயவில்லை. புரியாத எண் வந்தால் இனி என்ன காட்டுவது? தற்காலிகத் தடங்கல் என்று போடலாம் என்றார் மேனேஜர். மெஷினே எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் வாடிக்கைக்காரன் காறித் துப்புவான் என்றார் முதலாளி. அவள் இரண்டுக்கும் மசியவில்லை. "தற்காலிகம்னு எந்த பைட்ல சார் இருக்கு?" என்றாள். ஆய்வாளரின் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, தன் பழைய புரோகிராமைத் திரும்ப ஏற்றினாள். டிஸ்ப்ளேயில் வருவதையும் மாற்றினாள். புரியவில்லை என்று வரும், பக்கத்தில் அந்த எண் வரும். அவ்வளவுதான்.

வீட்டில்தான் காரியம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. விசாரணை நாள் மாலை, பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் அவன் கேட்டான்: "அங்க எனக்காகப் பேசினியா, பைட்டுக்காகப் பேசினியா?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது. "பைட்டுக்காகத்தான் ஆரம்பிச்சேன். நீ நின்னுட்டிருந்ததப் பாத்த பிறகு உனக்காக."

"அன்னைக்கு நீ கேட்டியே, அந்தக் கேள்வி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.

"கேட்டிருக்கக் கூடாது. தப்பு என்னுதுதான்."

அவன் தலையாட்டினான். ஆனால் அந்தக் கேள்வி கொஞ்ச நாள் வீட்டுக்குள் அவர்களோடுகூடவே நடமாடிக்கொண்டிருந்தது. மாமியார் இரண்டு பேருக்கும் பரிமாறிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் மதியம் அவன் ஒரு கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையிலிருந்து ஸ்டோர் ரூமுக்கு போன் போட்டான். லிஃப்ட் நின்றுவிட்டது, ஆள் யாரும் உள்ளே இல்லை, டிஸ்ப்ளேயில் புரியவில்லை 91 என்று வருகிறது. தகவல் காற்றாகப் பரவி, மேனேஜர் ஸ்டோர் ரூமுக்கே ஓடி வந்துவிட்டார்.

"தொண்ணூத்தி ஒண்ணா? புதுசா இருக்கே. கதவு?" என்று கேட்டாள் போனில்.

"சாத்தியிருக்கு. இழுத்துப் பாத்துட்டேன்."

மேனேஜர் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தார். "எதுக்கும் ஒயரச் செருகச் சொல்லு. எல்லா வரியும் வரட்டும், கதவுக்கான 01 இருக்கான்னு பாத்துடலாம். கதவு நிஜமாவே..."

"அதுக்குத் தேவையில்ல சார்" என்றாள் வக்கீலம்மா, போனை மூடாமல், அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி. "கதவு சாத்தியிருக்கு. அவர் சொல்லிட்டாரு."